லாபம் என்று சொன்னேன்

எங்கள் பக்கத்தில் களத்தில் நெல் அளக்கிறவன் முதல் மரக்காலை ‘ஒன்று’ என்று சொல்லமாட்டான். ‘லாபம்’ என்பான். அதற்கப்புறம்தான் ரெண்டு, மூணு என்று போகும். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். கலம் நிறைந்ததும் மறுபடி லாபத்திலிருந்து ஆரம்பிக்கவேண்டும். இன்னொன்றும் உண்டு. அளக்க உட்கார்ந்தவன் குவியல் தீரும்வரை அந்த எண்ணைத் தவிர வேறு வார்த்தை பேசக்கூடாது. பேசினால் பொலி குறைந்துவிடும் என்பார்கள். பொலி என்பது தூற்றிக் குவித்த நெல்லுக்கும் பெயர், அந்த நெல்லில் வந்து நிற்கிற அருளுக்கும் பெயர். நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். இதெல்லாம் நிஜமா என்று ஆராயத் தெரியாது. என் அப்பா பேசாமல் அளந்தார், நானும் பேசாமல் அளந்தேன். அப்படி நான் பேசாமல் இருந்த ஒரு நாளைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

காட்டுமன்னார்கோயிலுக்குப் பக்கத்தில், வீராணத்துத் தண்ணீர் பாய்கிற ஊர். இரண்டு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவாக நிலம். கூரை வீடு, ஒரு ஜோடி மாடு, ஒரு கறவை, கொல்லையில் வாழையும் முருங்கையும். நானும் என் மனைவியும்தான். பிள்ளை அப்போது இல்லை. பிள்ளை போல எனக்கு ஒரு தங்கச்சி இருந்தாள், என்னைவிடப் பத்து வயது இளையவள். அம்மா போனபோது அவளுக்கு ஆறு வயது. அப்பாவும் ரொம்ப நாள் இல்லை. எண்ணெய் தேய்த்துத் தலை வாரிவிட்டதிலிருந்து எல்லாம் நானே. பெரியவளான பிறகும் பாப்பா என்றுதான் கூப்பிடுவேன். திருப்பாதிரிப்புலியூரில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிற ஒரு நல்ல பையனுக்கு அவளைக் கட்டிக்கொடுத்தேன்.

கட்டிக்கொடுத்த பிறகு இரண்டு வருஷம் எங்களுக்கு விளைச்சல் இல்லை. ஐப்பசி கார்த்திகையில் ஏரி வழிந்து, வயலில் வெள்ளம் நின்று, பயிர் அழுகிப்போயிற்று. பெண் கொடுத்த வீட்டுக்குப் பொங்கலுக்குப் புது அரிசி கொண்டுபோய் இறக்குவது அண்ணன் செய்யவேண்டியது. இரண்டு பொங்கலுக்கும் சிதம்பரத்தில் கடை அரிசி வாங்கிக்கொண்டு போனேன். தங்கச்சியின் மாமியார் ஒரு குறையும் சொல்லவில்லை. அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்து, “ஏன் தம்பி, உங்க ஊரு நெல்லு கடை சாக்குலதான் காய்க்குமா?” என்று சிரித்தார்கள். வேடிக்கையாகச் சொன்னதுதான். எனக்கு அது ரொம்ப நாள் உறைத்தது.

மூன்றாம் வருஷம் சாமி கண் திறந்தார். நாற்று விடும்போதே, முதல் மரக்கால் உனக்கு என்று சிதம்பரத்துச் சாமிக்கு நேர்ந்துகொண்டிருந்தேன். கதிர் தலை சாய்ந்து நின்றதைப் பார்த்து வரப்பிலேயே விழுந்து கும்பிட்டேன். அறுபதுகளின் நடுவில், அரிசிக்குத் தட்டுப்பாடு வந்ததற்கு முந்தின தை மாதம் அது. பொங்கல் கழித்துத்தான் அறுப்பு வந்தது. இந்தத் தடவை நான் அரிசி தூக்கிக்கொண்டு போகவில்லை. “அத்தை, நீங்களே வந்து களத்தைப் பாருங்க. ஒங்க கையால புது நெல்லு எடுத்துட்டுப் போங்க” என்று கடிதாசி போட்டேன். வரச்சொன்னதில் பாசம் பாதி, பெருமை பாதி. சாமிக்கு முன்னால் பொய் எழுத முடியாது.

அன்றைக்கு விடியலில் குளித்து, திருநீறு இட்டு, கொல்லையை அடுத்த களத்துக்குப் போனேன். அறுப்பு முந்தின நாளே முடிந்து கட்டுகள் களத்தில் வந்து அடுக்கியாயிற்று. அடித்து, தூற்றி, அளந்து, பொழுது சாய்வதற்குள் வீடு சேர்க்கவேண்டும். பக்கத்து நிலத்துக்கார மாமா வந்திருந்தார். அவர் களத்துக்கு நான் போவேன், என் களத்துக்கு அவர் வருவார். வாய் ஓயாத மனிதர். கதிர் அடிக்கிற ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர். வீட்டில் மனைவி இருபது பேருக்கு உலை வைத்திருந்தாள்.

ஒன்பது மணி பஸ்ஸில் விருந்தாளிகள் வந்தார்கள். தங்கச்சி புருஷன் முன்னால் வெள்ளை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரப்பில் தடுமாறி வந்தார். அவர் அம்மா பின்னால். எல்லாருக்கும் பின்னால் பாப்பா, மெல்ல. ஆறாவது மாதம் நடந்துகொண்டிருந்தது.

“என்னா மாப்ள, வரப்பு வழுக்குதா? கடத்தெரு மாதிரி சிமெண்டு போட்டு வெச்சிருக்கணும், மறந்துட்டோம்” என்றார் மாமா.

“பரவால்ல மாமா, அடுத்த வருஷம் போட்டுடுங்க” என்றார் மாப்பிள்ளை. சட்டையைக் கழற்றி முருங்கையில் மாட்டிவிட்டு, “மச்சான், நானும் ஒரு கட்டு அடிக்கிறேன்” என்று இறங்கினார்.

நான் வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. கட்டைத் தூக்கி மெதுவாகப் பலகையில் தட்டினார். நெல் அப்படியே கதிரில் இருந்தது.

“மாப்ள, அது சேல இல்ல, மடிச்சு வெக்கிறதுக்கு. ஓங்கி அடிங்க!”

களமே சிரித்தது. பாப்பா தூரத்தில் நின்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். நான் அவள் முகத்தை நேராகப் பார்த்தது அப்போதுதான். கொஞ்சம் உப்பியிருந்தது. பிள்ளை உண்டானவள், பூசினாற்போல் இருக்கிறாள் என்று சந்தோஷப்பட்டேன். என் மனைவியும் அதைத்தான் சொன்னாள். நாங்கள் பிள்ளை பெற்றவர்கள் இல்லை, எங்களுக்குத் தெரியவில்லை.

மத்தியானம் வரை யாருக்கும் நிமிர நேரமில்லை. நான் ஒரு தடவை தண்ணீர் குடிக்க வீட்டுக்குப் போனேன். சமையல்கட்டில் அத்தை மணையில் உட்கார்ந்து வாழைக்காய் சீவிக்கொண்டே பேசிக்கொண்டிருந்தார்கள். பாப்பா அடுப்புக்கு முன்னால் சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

“ஒங்க நாத்தனார் வடிச்சு முடிக்கிறதுக்குள்ள ரயிலு விழுப்புரம் தாண்டிடும்மா. அங்கயும் இதே நெதானந்தான். ஒக்காந்தா எழுந்திருக்க மாட்டா, எழுந்தா ஒக்கார மாட்டா.”

“வாயும் வயிறுமா இருக்கா. மெதுவாத்தான் செய்வா அத்த” என்றாள் என் மனைவி.

“நானும் அஞ்சு பெத்தேன். அஞ்சாவதுக்கு அன்னிக்குக் காலயிலகூட நெல்லு குத்துனேன்.”

அத்தை பொல்லாதவர் இல்லை. வாய் அப்படி. சீவின வாழைக்காயில் முதல் துண்டைப் பொரித்ததும் மருமகளுக்குத்தான் ஊதிக் கொடுத்தார்கள். பாப்பா ஒரு வாய் கடித்துவிட்டு, தலைவலிக்கிறது என்று நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். அடுப்புச் சூடு என்று நினைத்துக்கொண்டு நான் களத்துக்குத் திரும்பிவிட்டேன்.

சாப்பாடு முடிந்ததும் காற்று எடுத்தது. தூற்றினோம். பதர் ஒருபக்கம் பறக்க, நெல் ஒருபக்கம் விழுந்து குவிந்தது. குவியல் எழும்பிக்கொண்டே போயிற்று. இரண்டு வருஷமாகப் பார்க்காத குவியல். உச்சியில் சாணிப் பிள்ளையார் பிடித்து அருகம்புல் செருகி வைத்தேன். கற்பூரம் காட்டினேன். அத்தையைக் கூப்பிட்டு, களத்து ஓரத்து ஆலமர நிழலில் பாய் போட்டு உட்காரவைத்தேன், குவியல் நன்றாகத் தெரிகிற இடத்தில். அவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, “கண்ணு பட்டுடப் போவுது தம்பி, சீக்கிரம் அளந்து கட்டு” என்றார்கள். அது போதும் எனக்கு.

கிழக்கே பார்த்துக் குந்தி உட்கார்ந்தேன். எதிரே மாமா சாக்கை விரித்துப் பிடித்தார். இரண்டு கையாலும் நெல்லை மரக்காலுக்குள் வாரி, கூம்பாகக் குவித்து, சிவ சிவ என்று மனதுக்குள் சொல்லி, சாமிக்கு நேர்ந்த முதல் மரக்காலைத் தனியாக ஒரு துணியில் கொட்டினேன்.

“லாபம்” என்றேன்.

அதற்கப்புறம் எண்ணைத் தவிர வேறு பேச்சில்லை. முதுகில் வெயில். கண்ணுக்கு முன்னால் நெல், மரக்கால், மாமாவின் கை. அவ்வளவுதான். மற்றவர்கள் எட்டத்தில் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். விருந்தாளிகள் நாலேகால் பஸ்ஸைப் பிடித்தால்தான் சிதம்பரத்தில் ரயில் கிடைக்கும். அதற்குள் அளந்து முடித்து, புது நெல் மூட்டையைப் பஸ் மேல் நானே ஏற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். குவியல் நான் நினைத்ததைவிட ஜாஸ்தி.

பாதிக்கு மேல் அளந்திருப்பேன். என் இடது பக்கத்தில் இரண்டு பாதம் வந்து நின்றது. நிமிர்ந்து பார்க்காமலே பாப்பா என்று தெரிந்தது. மெட்டி விரலுக்குள் புதைந்திருந்தது. காலில் கொலுசு இல்லை. கொலுசு கிடந்த இடத்தில் மட்டும் ஒரு பள்ளமான தடம். பாதம் இரண்டும் ஊறவைத்த மாதிரி வெளுத்து வீங்கி, நெல் உமி ஒட்டிக்கொண்டு. அதை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்லமுடியாது. இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்த மெட்டி தெரிகிறது.

“அண்ணே” என்றாள்.

“ஏழு” என்றேன்.

“பாப்பா, அளக்குற எடத்துல என்னா பேச்சு? போயி நெழல்ல ஒக்காரு” என்றார் மாமா.

“நீங்க சாக்கப் புடிங்க மாமா. நான் எங்க அண்ணங்கிட்டத்தான பேசுறேன். அது பேச வேணாம், கேட்டாப் போதும்.”

“களத்துல போதும்னு சொல்லாதடீ! வளரட்டும்னு சொல்லு.”

“வளரட்டும், வளரட்டும்” என்று சிரித்தாள். என் தோளில் ஒட்டியிருந்த நெல்லை ஒன்று ஒன்றாக எடுத்தாள். எடுத்து வாயில் போட்டு, முன்பல்லால் உமியைக் கடித்துத் துப்பி மென்றாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அந்தப் பழக்கம். பிறகு மாமாவுக்குக் கேட்காதபடி குனிந்து சொன்னாள்.

“அண்ணே, எனக்கு ஒடம்பு ஒரு மாதிரியாவே இருக்கு. தல விடாம வலிக்குது. கண்ணு அப்பப்ப மங்குது. நான் இங்கயே கொஞ்ச நாளு இருந்துடறேன். நான் கேட்டா நல்லா இருக்காது. அண்ணியும், அண்ணந்தான் சொல்லணுங்குது. நீ எங்க அத்தகிட்ட, இருக்கட்டும்னு ஒரு வார்த்த சொல்லு. நீ சொன்னா அவுங்க தட்டமாட்டாங்க.”

நான் “பதினொண்ணு” என்றேன். வாரிக் கொட்டி, “பன்னெண்டு” என்றேன். ஒரு கலம் முடிந்தது. அடையாளத்துக்கு ஒரு பிடி நெல்லை ஓரமாக வைத்தேன்.

“அண்ணே, கேக்குதா? இருக்கட்டுமா நான்?”

கேட்டது. நன்றாகக் கேட்டது. இரு என்று ஒரு வார்த்தை. இரண்டு எழுத்து. என் நாக்கு வரைக்கும் வந்தது. எதிரே குவியல் கால்வாசி மீதம் இருந்தது. இரண்டு வருஷம் அழுகின பயிர் ஞாபகம் வந்தது. சாமிக்கு நேர்ந்த நெல், பேசி அதைக் கெடுத்துவிடுவேனோ என்று பயம் வந்தது. மாமா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆலமரத்தடியில் அத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம், முடித்துவிட்டு எழுந்து சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மரக்காலை நிறைத்தேன். இடது கையை மட்டும் கொஞ்சம் தூக்கிக் காட்டினேன், பொறு என்கிற மாதிரி.

“லாபம்” என்றேன்.

அவள் சிரித்த சத்தம் கேட்டது. “சரி” என்றாள். அந்தப் பாதம் இரண்டும் திரும்பிப் போயிற்று.

நான் வேகமாக அளந்தேன். வேகமாக அளந்தால் மரக்கால் கூம்பாக நிற்காது என்று மாமா கண்ணாலேயே அதட்டினார். மறுபடி நிதானமானேன். நடுவில் வீட்டுப் பக்கம் பேச்சுச் சத்தம், மனைவி குங்குமம் கொடுத்து வழியனுப்புகிற சத்தம், “நேரமாச்சு, நேரமாச்சு” என்று அத்தை குரல். மாப்பிள்ளை களத்து ஓரத்துக்கு வந்து, “மச்சான், நீங்க எழுந்திரிக்க வேணாம். நாங்க போயிட்டு வரோம். மூட்டய நான் ஆள வெச்சு ஏத்திக்கிறேன்” என்றார். நான் தலையை ஆட்டினேன். மாப்பிள்ளைக்குத் தலையாட்டத் தெரிந்தது எனக்கு.

கடைசி மரக்கால் விழுந்ததும் மாமா “பொலி, பொலி!” என்று கத்தினார். நான் மரக்காலைக் கவிழ்த்துவிட்டு எழுந்து ஓடினேன். கால் மரத்துப்போய் வரப்பில் ஒருதரம் விழுந்தேன். ரோட்டுக்கு ஏறும்போது பஸ் மதகு தாண்டித் திரும்பிக்கொண்டிருந்தது. மேலே என் நெல் மூட்டை தெரிந்தது. அப்புறம் புழுதிதான்.

அன்று சாயங்காலம் முதுகில் வெந்நீர் ஊற்றிக்கொண்டே மனைவி கேட்டாள்.

“பாப்பா ஒங்ககிட்ட வந்து கேட்டுச்சா?”

“கேட்டா.”

“நீங்க என்னா சொன்னீங்க? நான் கேட்டதுக்கு, லாபம்னு சொல்லிச்சு அண்ணின்னு சிரிக்குது.”

நானும் சிரித்துவிட்டேன். பிறகு நடந்ததைச் சொன்னேன். அவள் சொம்பைக் கீழே வைத்தாள்.

“அப்ப நீங்க சரின்னு சொல்லலியா? நீங்க வந்து பேசுவீங்கன்னு நானும் வாசல் வாசலா நின்னேன். நீங்க வரலன்னதும், வேற என்னமோ ஏற்பாடு பண்ணியிருக்கீங்கன்னு நெனச்சேன்.”

“ஒம்பதாம் மாசம் வளையல் போட்டு அழச்சுட்டு வரத்தான போறோம்? ரெண்டு மூணு மாசந்தான.”

“ஒரு நட போயிப் பாத்துட்டு வாங்களேன்.”

“வைக்கோலப் போர் போட்டுட்டுப் போறேன்” என்றேன்.

வைக்கோல் போர் போட்டேன். மழை வந்தால் நனையும் என்று நெல்லைக் குதிரில் கொட்டினேன். பத்து நாள் கழித்து, சாமிக்கு நேர்ந்த மரக்கால் நெல்லை அவல் இடித்து எடுத்துக்கொண்டு சிதம்பரம் போனேன். சந்நிதியில் நின்று கண்ணில் நீர் வழியக் கும்பிட்டேன். சொன்னபடி கொண்டுவந்து சேர்த்துவிட்டேன் சாமி என்றேன். வெளியே வந்தால் ஸ்டேஷன் நடந்து போகிற தூரம். ரயில் ஏறியிருந்தால் ஒன்றரை மணி நேரத்தில் திருப்பாதிரிப்புலியூர். மாடு தண்ணீருக்குக் காத்திருக்குமே என்று, வந்த பஸ்ஸிலேயே திரும்பினேன்.  இதையும் எழுதத்தான் வேண்டும்.

மாசி மாதத்தில் ஒரு காலை முதல் பஸ்ஸில் ஜவுளிக்கடை ஆள் ஒருவர் வந்து இறங்கினார். “ஒங்க தங்கச்சிக்கு வலிப்பு வந்து ஆஸ்பத்திரியில சேத்திருக்கு. ஒடனே வரச்சொன்னாங்க” என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். நானும் மனைவியும் பஸ், ரயில் என்று மாறிப் போய்ச்சேர்ந்தபோது பகல் பன்னிரண்டு மணி. ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியிருக்கவில்லை. அவர்கள் தெருவில் பக்கத்து வீட்டு பெஞ்சுகளை எடுத்து வாசலில் போட்டிருந்தார்கள். ஆண்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்கள். என் மனைவி தெரு முனையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

உள்ளே பாப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். முகத்தில் வீக்கம் வடிந்து, சின்னப் பெண்ணாய் இருந்தாள். மெட்டியைக் கழற்ற முடியவில்லை என்றார்கள்.

மூன்றாம் நாள் எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு, அத்தை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். தலைமயிர் அவிழ்ந்து கிடந்தது.

“ஏன் தம்பி நீ வரல?” என்றார்கள்.

எனக்குப் புரியவில்லை.

“எங்க அண்ணன் வந்து அழச்சுட்டுப் போவும் அத்தன்னு அன்னிக்கு ரயில்லயே சொல்லிட்டா. நான் கேட்டேன், லாபம்னு சொல்லிச்சு, கையக் காட்டுச்சு, பொறு, நான் வரேன்னு அர்த்தம்னா. எனக்கும் சரின்னுதாம்பா பட்டுது. இங்க படி ஏறவே மூச்சு வாங்குது அவளுக்கு. அம்மா வூடு மாதிரி வருமா? நீ வருவ வருவன்னு நானுந்தான் பாத்தேன்.”

“ஒரு வரி எழுதக்கூடாதா அத்த? நீங்களே கொண்டாந்து விடக்கூடாதா?”

“கூப்புட ஆள் வராம பொண்ண எப்புடிப்பா கொண்டாந்து விடுவேன்? தொரத்தி விட்டாங்கன்னு ஊரு சொல்லாது? நீ என்னா நெனைப்ப?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். “எழுதுடின்னேன். வேணாம் அத்த, அண்ணனுக்கு வைக்கோல் வேல இருக்கும், முடிஞ்சதும் ஓடி வரும்னுட்டா.”

என் தங்கச்சி என்னை அவ்வளவு தெரிந்துவைத்திருந்தாள்.

மாப்பிள்ளை உள்ளே போய்க் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு துணிமூட்டையை எடுத்துவந்தார். “வந்த மறுநாளே கட்டி வெச்சிட்டா மச்சான். காலையில ரயில் சத்தம் கேட்டா வாசலுக்குப் போவா. சாயங்காலமும் போவா. இத அவிழ்க்கவே இல்ல” என்று என் மடியில் வைத்தார்.

வீட்டுக்கு வந்துதான் பிரித்தோம். இரண்டு புடவை, என் மனைவி கல்யாணத்துக்குக் கொடுத்த சீப்பு, கழற்றின கொலுசு, ஒரு திருநீற்றுப் பொட்டலம். ஒரு புடவை முந்தானையில் முடிச்சு. அவிழ்த்தால் நெல். எங்கள் களத்து நெல், ஒரு கைப்பிடி. அளந்து முடிக்கும் முன் குவியலிலிருந்து எடுக்கக்கூடாது என்று அவளுக்குத் தெரியும். ஓரத்தில் நான் அடையாளத்துக்கு வைத்த பிடியில் ஒன்றை எடுத்திருப்பாள். அளந்த கணக்கில் ஒரு கலம் குறைகிறதே என்று மாமாவும் நானும் மறுநாள் குழம்பியது அப்போது ஞாபகம் வந்தது.

சாமியை நான் நோகவில்லை. நோக வாய் வராது. பேசாதே என்று அவர் எனக்குச் சொல்லவில்லை. ஒரு சொல் பேசியிருந்தால் எத்தனை மரக்கால் குறைந்திருக்கும்? குறைந்திருக்கட்டுமே. இதை அவரிடமே பலதடவை கேட்டிருக்கிறேன். அவர் திரை மறைவில் பேசாமல் இருக்கிறார். அவர் பேசாமலிருப்பதற்கும் நான் பேசாமலிருந்ததற்கும் வித்தியாசம் உண்டு என்று நம்பித்தான் இன்னும் கும்பிடுகிறேன்.

வயிற்றில் பிள்ளையோடு போனவளுக்குச் சுமைதாங்கிக் கல் நடுவது வழக்கம். அவள் இறக்கிவைக்காமல் போன சுமை, வழியில் போகிறவர்கள் தங்கள் சுமையை இறக்கும்போதெல்லாம் அவளுக்கும் இறங்கும் என்பார்கள். மதகுக்குப் பக்கத்தில், பஸ் திரும்பின இடத்தில் நட்டேன். இரண்டு கல் நிறுத்தி மேலே ஒரு கல். அறுப்புக் காலத்தில் கட்டு தூக்கிப் போகிறவர்கள் அதன்மேல் இறக்கி, மூச்சு வாங்கிக்கொண்டு போவார்கள். நானும் இறக்குவேன்.

அடுத்த தை வந்தது. நெல்லும் வந்தது. மாமா எதிரே சாக்கை விரித்துப் பிடித்தார். நான் முதல் மரக்காலை வாரி நிறைத்துக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.  ஆட்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். என் மனைவி கூடையோடு நின்றாள். அப்போது அவளுக்கு மூன்றாம் மாதம். நான் நெல்லைத் திரும்பக் குவியலில் கொட்டிவிட்டு எழுந்து நின்றேன்.

“யாருக்காச்சும் எங்கிட்ட எதாச்சும் சொல்லணுமா? சொல்றதா இருந்தா இப்பவே சொல்லுங்க” என்று கேட்டேன்.

 மாமாதான் கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, “எனக்குப் பசிக்குதுடா, சீக்கிரம் அள” என்றார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

“நடுவுல கூப்புட்டாலும் பரவால்ல. நான் திரும்பிப் பேசுவேன்” என்று மனைவியைப் பார்த்துச் சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மாமா தலையை ஆட்டிவிட்டுச் சாக்கை மறுபடி விரித்துப் பிடித்தார்.

அன்றிலிருந்து வருஷா வருஷம் அளக்கக் குந்துவதற்கு முன் அப்படிக் கேட்டுவிட்டுத்தான் உட்காருகிறேன். எங்கள் களத்தில் அது வழக்கமாகிவிட்டது. ஏன் என்று இப்போது இருக்கிற ஆட்களுக்குத் தெரியாது. கேட்டுவிட்டுக் கிழக்கே பார்த்து உட்காருவேன். நெல்லை வாரும் முன் இடது பக்கம் ஒருதரம் தரையைப் பார்ப்பேன். உமிதான் கிடக்கும்.

பிறகு மரக்காலை நிறைத்து, லாபம் என்பேன்.